ராசா போனால் அடுத்த ராசா யார்? கம்பத்தில் கரும்பு சொல்லும் தீர்ப்பு!

வீட்டில் வளர்ந்த பூனை செத்தாலே இரண்டு நாள் சோறு இறங்காது. ஊரே வளர்த்த காளை செத்தால்?

தேனியிலிருந்து குமுளி போகிற பஸ்சில் ஏறிக் கம்பத்தில் இறங்கி விசாரித்தால் பதில் கிடைக்கும். அங்கே இருக்கிறது நந்தகோபாலசாமி கோவில் தம்பிரான் மாட்டுத்தொழு. தொழுவில் நிற்கிற மாடுகளெல்லாம் சாமி மாடுகள். அவற்றுக்கு ராசாவாக ஒரு காளை. அதன் பெயர் பட்டத்துக்காளை!

"மாடுதானே?" என்று மட்டும் யாரும் வாய்தவறிக் கேட்டுவிடக் கூடாது. கம்பத்துக்காரர்கள் சும்மா விடமாட்டார்கள்!

கூடவே வந்த மந்தை

இந்தத் தொழு ஒக்கலிக சமூகத்தாருக்குப் பாத்தியப்பட்டது. கன்னட நாட்டைவிட்டுப் பாட்டன் பூட்டன்மார் கிளம்பியபோது, மாடுகளும் கூடவே நடந்து வந்தன என்பது வழிவழியாக வரும் பேச்சு. மாட்டுப் பொங்கலன்று தொழுவில் நிற்க இடம் இருக்காது. குடும்பம் குடும்பமாக வந்து பட்டத்துக்காளையைக் கும்பிட்டுப் போவார்கள். நேர்ந்துகொண்டவர்கள் கன்றுக்குட்டியைக் கொண்டுவந்து விடுவார்கள்.

மாலை, வேட்டி, மேளம்

தேனி, மதுரைப் பக்கத்துக் கிராமங்களில் கோவில் காளையோ, ஜல்லிக்கட்டுக் காளையோ செத்துப்போனால் மனுஷனுக்குச் செய்கிற மரியாதை அத்தனையும் உண்டு. குளிப்பாட்டி, மஞ்சள் குங்குமம் வைத்து, மாலை போட்டுக் கிடத்துவார்கள். ஊர்க்காரர்கள் வேட்டி, துண்டு கொண்டுவந்து போர்த்துவார்கள். பெண்கள் ஒப்பாரி வைப்பார்கள். வாடிவாசலில் அந்தக் காளையைப் பிடிக்கப்போய்க் குத்துப்பட்டவன்கூட வந்து ஒரு மாலை போட்டுவிட்டுப் போவான். மேளம் கொட்ட, வேட்டு வெடிக்க ஊர்வலம். கடைசியில் குழிவெட்டி அடக்கம்.

அதோடு முடிந்ததா? மற்ற ஊரில் முடிந்தது. கம்பத்தில் முடியாது. ராசா இல்லாமல் தொழு இருக்கலாமா?

ஓட்டுப் போடுவது யார்?

அடுத்த ராசாவை மனுஷன் தேர்ந்தெடுப்பதில்லை. பணக்காரன் சிபாரிசும் செல்லாது. எட்கர் தர்ஸ்டன் என்ற வெள்ளைக்காரர் 1909-ல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களைப் பற்றிய புத்தகத்திலேயே இந்த விவரம் வந்திருக்கிறது.

நல்ல நாள் பார்த்து மந்தையை மொத்தமாகக் கூட்டுவார்கள். சூடம் ஏற்றி, வாழைப்பழம், வெற்றிலை பாக்கு வைத்துக் கும்பிடுவார்கள். பிறகு மாடுகளுக்கு முன்னால் ஒரு கட்டுக் கரும்பு! கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும். எந்தக் காளை முதலில் வந்து கரும்பைக் கடிக்கிறதோ, அதுதான் ராசா! மஞ்சள் குங்குமம் பூசி, மாலை போட்டுப் பட்டம் கட்டிவிடுவார்கள். அன்று முதல் அதற்கு நந்தகோபாலசாமி என்றே பெயர். கவனிக்கத் தனி ஆளும் உண்டு.

போனவரை நினைத்து அழுத கண்ணு, வந்தவரைப் பார்த்துச் சிரிக்கும்.

கயிறு மட்டும் வீட்டுக்கு வரும்

எல்லா மாட்டுக்கும் இந்தப் பாக்கியம் இல்லை. டிராக்டர் வந்தபிறகு உழவு மாட்டுக்கு வேலை இல்லை. கிழடு தட்டினால் அடிமாடு. கம்பத்தைத் தாண்டி, கூடலூர், லோயர்கேம்ப் வழியாகக் குமுளி மலை ஏறிக் கேரளாவுக்கு லாரியில் போகும்.

விற்கிறவனுக்கும் மனசு இல்லாமல் இல்லை. கடனும் தீவனச் செலவும் கழுத்தைப் பிடிக்கும். ஆனாலும் மாட்டைக் கொடுப்பானே தவிர, பிடிகயிறைக் கொடுக்கமாட்டான். கயிற்றோடு வீட்டு லட்சுமியும் போய்விடும் என்று நம்பிக்கை. வெறுங்கயிற்றைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்கு வருகிறவனிடம் அன்றைக்கு யாரும் பேச்சுக் கொடுக்கமாட்டார்கள்.

மேய்ச்சல் எங்கே?

இந்த வட்டாரத்து மலைமாடுகளுக்கு இன்னொரு கஷ்டமும் உண்டு. காலங்காலமாக மலையில் மேய்ந்த மாடுகள் இவை. 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. 2022 மார்ச்சில் சென்னை ஐகோர்ட்டு தமிழ்நாட்டுக் காடுகள் முழுவதிலும் மேய்ச்சலுக்குத் தடை போட்டது. அதே மாதத்தில் உத்தரவைத் திருத்தி, தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் ஆகியவற்றுக்கு மட்டும் தடை என்றது. மேகமலைக்காரர்களுக்கு இதனால் என்ன லாபம்? அவர்கள் மலைதான் புலிகள் காப்பகம் ஆகிவிட்டதே!

புலிக்கும் காடு வேண்டும். மாட்டுக்கும் புல் வேண்டும். கீழே வயலும் தோப்பும் திராட்சைத் தோட்டமும் நெருக்குகின்றன. கிடை போடுகிறவர்கள் எங்கேதான் போவார்கள்?

ஒரு காளை செத்தால் கம்பம் அழும், அடக்கம் செய்யும், கரும்புக் கட்டை வைத்துக் காத்திருக்கும். கரும்புக்குப் பஞ்சம் வராது. அதைக் கடிக்க ஓடிவர மந்தை இருக்க வேண்டுமே!