இல்லத்தில் ஒரு சேமிப்பகம்

ரிவர்ஸ்டன் உச்சியிலுள்ள தொலைத்தொடர்புக் கோபுரத்தை அடிக்கடி மூடும் பனிமூட்டம் அழகியதே. ஆயின் அம்மலைநாட்டு ஈரம், நம் இல்லங்களிலுள்ள பழைய நிழற்படங்களுக்கும் கல்லூரி மலர்களுக்கும் பெரும் பகையாகும். அவற்றைப் படமாக்கிக் கணினியில் இட்டால் போதுமோ? போதாது, வன்தட்டும் ஒருநாள் பழுதுறும்.

ஆதலின் வீட்டிலேயே ஒரு சேமிப்பகம் அமைத்தல் நன்று. பழைய கணினியொன்றின் தட்டிலே 'ஓப்பன்மீடியாவால்ட்' என்னும் இலவச மென்பொருளை நிறுவி, ஒரே கொள்ளளவுள்ள இரு புதிய வன்தட்டுகளைப் பூட்டுதல் வேண்டும். எழுதுவன யாவும் இரண்டிலும் ஒருங்கே பதியுமாறு செய்தால், ஒன்று பழுதுறினும் மற்றது காக்கும். பின்னர் அதனை வடத்தால் ரௌட்டருடன் இணைத்தால், வீட்டார் யாவரும் தத்தம் கருவியிலிருந்தே கோப்புகளை வைக்கவும் எடுக்கவும் கூடும்.

எனினும் இவ்விரட்டைப் பதிவைக் காப்புப்படி என நாம் கொள்ளலாகாது. தவறி அழித்த கோப்பு இரண்டிலும் அழியும். ஒரே மின்னல் இரண்டையும் தாக்கும். எனவே மூன்றாம் தட்டொன்றிற் படியெடுத்து, வேறூரிலுள்ள உறவினரிடம் வைத்தல் வேண்டும்.

1981 ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது, ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. வேறெங்கும் படியில்லாதவை மீளவே இல்லை. அவ்விழப்பை அறிந்த நாம், நம் கல்லூரி மலர்களையேனும் ஓரிடத்தில் மாத்திரம் வையாது காப்போமாக.