ஷெனின் பிளாங்க்: இனிப்பை விட்டுப் புளிப்பைப் பாருங்கள்

"இந்திய ஒயினா? சர்க்கரைத் தண்ணி" என்று சொல்லும் நண்பர்கள் எனக்கு உண்டு. கேட்டால், அவர்கள் குடித்தது பெரும்பாலும் நாசிக் ஷெனின் பிளாங்க்காக இருக்கும். அந்தத் தீர்ப்பு சரியா என்று பார்க்க, இந்தத் திராட்சையின் குணம் தெரியணும்.

ஷெனினின் தாயகம் பிரான்ஸின் லுவார் ஆற்றுப் பகுதி. அங்கே வூவ்ரே என்ற ஊரில் இதே திராட்சையில் இனிப்பே இல்லாத ஒயினும் செய்கிறார்கள், தேன் மாதிரி இனிப்பதும் செய்கிறார்கள். இன்று அதிகம் பயிராவது தென்னாப்பிரிக்காவில். அங்கே அதன் பழைய பெயர் 'ஸ்டீன்'. இந்தியாவில் சுலா நிறுவனம் 2000-இல் வெளியிட்ட முதல் ஒயின்களில் ஷெனினும் ஒன்று.

ஏன் ஷெனின்? வெயில் ஏற ஏறப் பழத்தில் சர்க்கரை கூடும், அமிலம் குறையும். அதனால் சூடான ஊர்களில் பல வெள்ளை ஒயின்கள் சப்பென்று போய்விடும். ஷெனின் புளிப்பை அவ்வளவு சுலபமாக விடாது. நாசிக்கில் வருஷத்துக்கு இரண்டு முறை கவாத்து செய்கிறார்கள். மழை முடிந்து செய்யும் கவாத்தில் வரும் பழம்தான் அறுவடைக்கு. அது குளிர்காலத்தில் பழுக்கிறது. இரவுக் குளிரும் அமிலத்தைக் காப்பாற்றுகிறது.

பிறகு இனிப்பு எங்கிருந்து? பல இந்திய ஷெனின்களில் கொஞ்சம் சர்க்கரையை நொதிக்க விடாமல் மிச்சம் வைக்கிறார்கள். அது குறையில்லை. அரக்கோணம் வெயிலில் நாம் போடும் எலுமிச்சை ஜூஸ்தான் உதாரணம். சர்க்கரை சேர்த்தால் அமிலம் போய்விடாது. நாக்குக்குத்தான் குறைவாகத் தெரியும். எலுமிச்சை கம்மியானால் வெறும் பாகு.

சரி, எப்படிச் சோதிப்பது?

1. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துப் பத்து நிமிஷம் வெளியே வையுங்கள். ரொம்பச் சில்லென்றிருந்தால் வாசனையும் தெரியாது, குறையும் தெரியாது. 10-12 டிகிரி சரியாக இருக்கும்.

2. முகருங்கள். கொய்யா, பேரிக்காய் மாதிரி வந்தால் நல்லது. வினிகர் வாடையோ, நறுக்கிக் கருத்துப்போன ஆப்பிள் வாடையோ தூக்கலாக வந்தால் ஒதுக்கிவிடலாம்.

3. மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு வாய் குடியுங்கள். பழவாசனையை நாம் இனிப்பு என்றே எண்ணிக்கொள்கிறோம். மூக்கை அடைத்தால் நாக்கில் மிஞ்சும் இனிப்புதான் உண்மையான இனிப்பு.

4. விழுங்கியதும் கன்னத்தின் இரு பக்கமும் எச்சில் ஊறுகிறதா? அதுதான் அமிலத்தின் அடையாளம். ஊறவில்லை, இனிப்பு மட்டும் ஒட்டிக்கொண்டு நிற்கிறது என்றால், நண்பர்கள் சொன்னது அந்த பாட்டிலுக்குச் சரி.

கடைசியாக ஒன்று. பெரும்பாலான இந்திய ஷெனின் புதுசாகக் குடிக்கச் செய்தது. லேபிளில் வருஷம் பாருங்கள். ஏசி இல்லாத கடையில் ஒரு கோடையைக் கழித்த பாட்டிலைக் குடித்துவிட்டு நாசிக்காரரைக் குறை சொல்வது நியாயமில்லை.