மறைந்துள்ள ஒலிபரப்பியைத் தேடுதல்

1942ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் பம்பாயில் காங்கிரஸ் வானொலி 42.34 மீட்டர் அலைநீளத்தில் இரகசியமாகப் பேசத் தொடங்கிற்று. 22 வயதான உஷா மேத்தாவும் தோழர்களும் நிலையத்தை வீட்டுக்கு வீடு மாற்றி வந்தனர். போலீசாரின் தேடுதல் வண்டிகள் பின்தொடர்ந்தன.

இத்தகைய தேடலுக்கு வளைய வடிவான ஏரியலே அடிப்படை. வளையத்தின் தளம் அலை வரும் திசைக்குக் குறுக்காகத் திரும்பும்பொழுது ஒலி மங்கி மறைகிறது. ஒலி மிகும் நிலையை விட மறையும் நிலையே திசையைத் துல்லியமாகக் காட்டும். ஈரிடங்களில் இவ்வாறு அளந்து படத்தில் கோடிட்டால், அவை வெட்டுமிடத்தில் நிலையம் இருக்கும். ஆயினும் 1942 நவம்பர் 12ஆம் நாள் நிலையம் பிடிபட்டது தொழில்நுட்பர் ஒருவர் காட்டிக்கொடுத்ததால் என்பர். உஷா மேத்தாவுக்கு நான்காண்டுச் சிறைத்தண்டனை கிடைத்தது.

இன்று ஒட்டுக்கேட்கும் கருவிகளைத் தேட உதவும் எளிய கைக்கருவி திசையை அளப்பதில்லை. அலையின் வலிமையை மட்டுமே காட்டும். தாராவி போன்ற நெருக்கமான பகுதியில் கைப்பேசிகளும் அண்டை வீட்டு வைஃபையும் அதனை ஓயாது ஒலிக்கச் செய்யும். ஆதலின் அறையில் உள்ள அறிந்த கருவிகளை முதலில் அணைத்து, உணர்திறனைப் படிப்படியாகக் குறைத்து, சுவரோரமாக மெல்ல நகர்த்துதல் வேண்டும். அலையை வெளியிடாமல் தன்னுள்ளேயே பதிவுசெய்யும் கருவி இதற்கு அகப்படாது. அது கேமராவாயின், இருட்டறையில் கைவிளக்கைக் கண்ணருகே பிடித்துப் பார்த்தால் லென்ஸ் மின்னக் காணலாம்.