ராணுவம் வேண்டாம் என்றது, டாங்கிகள் வந்தன

2012-இல் அமெரிக்கத் தரைப்படைத் தளபதி ரேமண்ட் ஓடியர்னோ நாடாளுமன்றத்திடம் வெளிப்படையாகவே சொன்னார்: புதிய ஏப்ரம்ஸ் டாங்கிகள் இப்போதைக்கு வேண்டாம். 2017 வரை தயாரிப்பை நிறுத்தினால் 300 கோடி டாலர்வரை மிச்சமாகும் என்பது ராணுவத்தின் கணக்கு. கலிபோர்னியாவின் சியரா கிடங்கில் 2,000-க்கும் மேற்பட்ட டாங்கிகள் ஏற்கெனவே சும்மா நின்றன. ஆனால், 173 உறுப்பினர்கள் தயாரிப்பைத் தொடரும்படி பாதுகாப்பு அமைச்சருக்குக் கடிதம் எழுதினார்கள். ராணுவம் கேட்காத பணம் ஒதுக்கப்பட்டது.

டாங்கிகள் தயாராவது ஓஹியோ மாநிலம் லிமா நகரில். உதிரிபாகங்கள் பல மாநிலங்களிலிருந்து வருகின்றன. ஆலை மூடினால் கைதேர்ந்த தொழிலாளர்கள் சிதறிவிடுவார்கள், மறுபடி திறக்க அதிகம் செலவாகும் என்று ஆதரவாளர்கள் வாதிட்டார்கள். அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அது வேலைவாய்ப்பு பற்றிய வாதம். நாட்டைக் காப்பது பற்றியது அல்ல.

அடுத்த ஆண்டே இதற்கு நேர்மாறான தவறு நடந்தது. பட்ஜெட் பற்றாக்குறையைக் குறைக்கும் வழியில் இரு கட்சிகளும் உடன்படாததால், 2013 மார்ச் 1 அன்று தானியங்கிச் செலவு வெட்டு அமலுக்கு வந்தது. சுமார் 8,500 கோடி டாலர். அதில் பாதி பாதுகாப்புத் துறையில். எது தேவை, எது வீண் என்று பார்க்காமல் விழுந்த வெட்டு அது. பாதுகாப்புத் துறையின் சிவிலியன் ஊழியர்கள் லட்சக்கணக்கானோர் ஆறு நாள் சம்பளமில்லாமல் வீட்டில் இருந்தார்கள். ஏழைக் குழந்தைகளுக்கான ஹெட் ஸ்டார்ட் முன்பள்ளிகளில் சுமார் 57,000 இடங்கள் பறிபோயின.

கண்ணை மூடிக்கொண்டு கொடுப்பதும் வெட்டுவதும் அல்லாத மூன்றாவது வழியை அமெரிக்காவே கண்டுபிடித்திருந்தது. தேவையற்ற ராணுவத் தளங்களைத் தனி ஆணையம் ஒன்று பட்டியலிடும். நாடாளுமன்றம் பட்டியலை முழுதாக ஏற்கலாம், அல்லது முழுதாக நிராகரிக்கலாம். தன் தொகுதித் தளத்தை மட்டும் உருவிக்கொள்ள எந்த உறுப்பினராலும் முடியாது. 1988 முதல் 2005 வரை ஐந்து சுற்றுகளில் 350-க்கும் அதிகமான தளங்கள் இப்படி மூடப்பட்டன. பிறகு பாதுகாப்புத் துறையான பென்டகனே இன்னொரு சுற்று கேட்டும் நாடாளுமன்றம் மறுத்துவிட்டது.

ஆயுதக் கொள்முதலுக்கும் இத்தகைய ஆணையம் வேண்டும். 2018 முதல் 2024 வரை நடந்த ஏழு முழுத் தணிக்கைகளில் ஒன்றில்கூடப் பென்டகன் தேறவில்லை. தன் கணக்கையே சரியாகக் காட்ட முடியாத துறையிடம் கேள்வி கேட்பதைத் தேசத் துரோகமாகப் பார்ப்பது தவறு.

லிமாவின் தொழிலாளிக்கு வேலை உறுதி செய்வது அரசின் கடமை. அதற்கான செலவை வேலைவாய்ப்புச் செலவு என்றே மக்கள் முன் வைத்து ஒப்புதல் பெறட்டும். தேசப் பாதுகாப்பின் பெயரில் டாங்கி வாங்கி அந்தக் கடமையை நிறைவேற்ற வேண்டியதில்லை.