குடல் பற்றீரியாவும் இதயமும்: மன்னார் மீனை விட்டுவிட வேண்டுமா?

மாரடைப்பு என்றதும் கொழுப்பு, சீனி, பிரஷர் என்ற மூன்றைப் பற்றித்தான் பேசுகிறோம். குடலில் வாழும் பற்றீரியாக்களுக்கும் இதில் பங்கிருக்கலாம் என்பதைப் பலர் அறிவதில்லை. அறிந்தவர்கள் சிலரோ வேறொரு குழப்பத்தில் இருக்கிறார்கள். உயிரியல் கற்பிக்கும் என்னிடம் எருக்கலம்பிட்டிச் சகோதரர் ஒருவர், "சேர், மீனிலும் அந்தக் கெட்ட பொருள் இருக்குதாமே, மீனை விட்டுவிடவா?" என்று கேட்டார். கடலை நம்பி வாழும் எமது பிரதேசத்தில் இதற்குத் தெளிவான பதில் அவசியம்.

மாடு, ஆட்டு இறைச்சியில் கார்னிடின் என்ற பொருளும், முட்டை மஞ்சட்கருவிலும் ஈரலிலும் கோலின் என்ற பொருளும் அதிகம் உண்டு. குடல் பற்றீரியாக்கள் இவற்றை ஒரு வாயுவாக மாற்றுகின்றன. அது எமது ஈரலுக்குச் சென்று 'டிஎம்ஏஓ' என்ற பொருளாகிறது. இப்பொருள் எலிகளின் இரத்தக் குழாய்களில் கொழுப்புப் படிவதை அதிகரிக்கிறது என்று அமெரிக்காவின் கிளீவ்லண்ட் கிளினிக்கைச் சேர்ந்த ஸ்டான்லி ஹேசன் குழுவினர் 2011இல் காட்டினர். 2013இல் 4,007 பேரை மூன்று ஆண்டுகள் அவதானித்தபோது, இரத்தத்தில் இது மிகக் கூடியிருந்தவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம், மரணம் ஆகியவற்றின் ஆபத்து மிகக் குறைந்திருந்தவர்களைவிடச் சுமார் இரண்டரை மடங்காக இருந்தது.

அதே ஆண்டின் இன்னொரு ஆய்வு சுவாரசியமானது. இறைச்சியே உண்ணாதவர்களுக்குக் கார்னிடின் கொடுத்தபோது, அவர்களின் உடலில் டிஎம்ஏஓ மிகக் குறைவாகவே உருவானது. நாம் வழமையாக எதை உண்கிறோமோ, அதற்கேற்ற பற்றீரியாக்களே குடலில் பெருகுகின்றன.

இனி மீனுக்கு வருவோம். உப்பு நீரையும் கடலின் அழுத்தத்தையும் தாங்குவதற்காகக் கடல்மீன்களின் உடலிலேயே டிஎம்ஏஓ இருக்கிறது. ஆகவே மீன் உண்டபின் அது எமது இரத்தத்தில் சில மணி நேரம் உயர்வது உண்மை. ஆரோக்கியமான சிறுநீரகங்கள் அதை வெளியேற்றிவிடும். மீன் உண்போருக்கு இதயநோய் கூடுகிறது என்று ஆய்வுகள் பொதுவாகக் காட்டவில்லை. சூடை போன்ற மீன்களின் ஒமேகா-3 கொழுப்பு இதயத்துக்கு நல்லதே. சிறுநீரகம் பழுதடைந்தாலும் டிஎம்ஏஓ உயரும் என்பதால், அது நோயின் காரணமா, அடையாளமா என்ற விவாதம் இன்னும் முடியவில்லை.

எனவே மீனை விட வேண்டாம். கவனிக்க வேண்டியது கருவாட்டின் உப்பை. அது பிரஷரைக் கூட்டும். குர்பானி இறைச்சியும் கலியாணப் புரியாணியும் அன்றாட வழக்கமாகிவிடக் கூடாது. தவிடு நீக்காத சிவப்பரிசி, பருப்பு, கௌபி, முருங்கை இலை என்பவற்றின் நார்ச்சத்தை உண்டு வாழும் பற்றீரியாக்கள் எமக்கு நன்மை தரும் கொழுப்பமிலங்களை உருவாக்குகின்றன.

பற்றீரியாவைக் கொல்வோம் என்று பாமசியில் அன்ரிபயோட்டிக் வாங்கி விழுங்குவது ஆபத்து. நல்ல பற்றீரியாக்களும் அழியும். வைத்தியர் தந்த இதய மருந்தை உணவை நம்பி நிறுத்துவது அதைவிட ஆபத்து. நெஞ்சு இறுகி வலித்தால் வாய்வு என்று இஞ்சி குடித்துக் காத்திருக்காமல் உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.