தறி நம்முடையது, தரை யாருடையது?

பெரிய காஞ்சிபுரத்திலே, பிள்ளையார்பாளையத்துத் தெருக்களிலே, பாவு நீட்டியிருக்கும் காட்சியைக் கண்டவர்கள் உண்டு. வீட்டுக்குள் நுழைந்து பார்த்தவர்கள் குறைவு. உள்ளே குழித்தறி! தரையிலே குழி வெட்டி, காலை அதிலே இறக்கி நெய்யும் தறி. கட்டிலைத் தூக்குவதுபோல அதைத் தூக்கிக்கொண்டு வேறு வீடு போய்விட முடியாது. நெசவாளிக்கு வீடு போனால் கூரை மட்டுமா போகிறது? தொழிலும் போகிறது.

ஆகவேதான், "12 வருஷம் குடியிருந்துவிட்டால் வீடு அவனுக்கே சொந்தமாமே!" என்ற டீக்கடைப் பேச்சு இங்கே பலருடைய வயிற்றைக் கலக்குகிறது. கூலி போதாமல், பிழைப்புத் தேடி பெங்களூர் சென்ற ஒருவர், வீட்டை வாடகைக்கு விட்டுச் சென்றிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்குத் தூக்கம் வருமா?

தூங்கட்டும் என்கிறோம் நாம். வாடகைக்கு வந்தவர் 12 அல்ல, 40 ஆண்டு இருந்தாலும் குடித்தனக்காரர்தான். அனுமதி பெற்று நுழைந்தவர், அந்த அனுமதியையே ஆயுதமாக்கி உரிமையாளராகிவிட முடியாது. 1963ஆம் ஆண்டுக் காலவரம்புச் சட்டம் பேசும் 12 ஆண்டு வேறு. அதற்கு 'எதிரிடை அனுபோகம்' என்று பெயர். அனுமதியின்றி, ஊரறிய, உரிமையாளருக்கு எதிராக, இடைவிடாமல் இருந்திருக்க வேண்டும். அதை நிரூபிக்கும் சுமை நுழைந்தவன் தலைமீதுதான்.

ஆனால் நிரூபித்துவிட்டால்? அந்தச் சட்டத்தின் 27வது பிரிவு, உரிமையாளரின் உரிமையையே அணைத்துவிடுகிறது! உண்மை உரிமையாளருக்குக் கொடுமை, நேர்மையற்றவனுக்கு அதிர்ஷ்டம் என்று 2008இல் உச்சநீதிமன்றமே மனம் நொந்து, சட்டத்தைத் திரும்பப் பார்க்கும்படி மத்திய அரசுக்குச் சொல்லிற்று. 2023இல் சட்ட ஆணையம் தன் 280வது அறிக்கையிலே என்ன சொல்லிற்று? மாற்றம் தேவையில்லையாம்!

பத்திரம் இல்லாதவனெல்லாம் திருடன் என்று நாம் கூறவில்லை. மிராசுதாரர் நிலத்திலே குடிசை போட்டுத் தலைமுறை தலைமுறையாய் உழைத்தவர்களுக்கு, அந்தக் குடியிருப்பு மனையைச் சொந்தமாக்கிய 1971ஆம் ஆண்டுத் தமிழகச் சட்டம் நீதியின்பாற்பட்டது. உழைத்தவன் மண்ணைக் கேட்பது வேறு. ஊரில் இல்லாதவன் வீட்டுப் பூட்டை உடைப்பது வேறு.

நம் மனத்தை உறுத்துவது இன்னொன்று. தன் நிலத்தை மீட்க வழக்குப் போட சர்க்காருக்கு 30 ஆண்டு. கோயில் சொத்துக்கோ, 1959ஆம் ஆண்டு இந்து சமய அறநிலையச் சட்டத்தின்படி, காலவரம்பே கிடையாது. ஏகாம்பரநாதர் எத்தனை ஆண்டு கண்மூடியிருந்தாலும் அவர் மனை அவருக்கே. கோபுர நிழலிலே தறிபோடும் ஏழை 12 ஆண்டு கண்ணயர்ந்தால் வீடு பறிபோகும்! பொறாமையால் பேசவில்லை. கோயில் நிலத்தைப் பெரும்புள்ளிகள் வளைத்துப்போட்ட கதை நாமறிந்ததுதான், காவல் தேவைதான். ஆண்டவனுக்குக் கிடைத்த காவலில் அரைப்பங்காவது ஒற்றைத் தறி வீட்டுக்குக் கிடைக்கலாகாதா என்றுதான் கேட்கிறோம்.

அதுவரை? வீட்டை வாய்ப்பேச்சில் விடாதீர்கள். 2019 பிப்ரவரி முதல் நடைமுறையிலுள்ள வாடகைச் சட்டம், ஒப்பந்தத்தை எழுத்திலே கேட்கிறது. "நம்ம பையன்தானே, இருக்கட்டும்" என்று விட்ட வீடுகள்தாம் நீதிமன்றப் படியேறுகின்றன.

அத்துமீறி நுழைந்தவன் உங்களை வெளியேற்றிவிட்டால் அடியாளைத் தேடாதீர்கள். குறித்தீட்டு நிவாரணச் சட்டம் 6வது பிரிவின்கீழ், ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டால், உரிமை யாருடையது என்ற விசாரணைக்குக் காத்திராமலே வீட்டைத் திரும்பப் பெறலாம். ஆறு மாதம் கடந்தால் அந்த வழி அடைபடும். பிறகு பத்திரத்தைத் தூக்கிக்கொண்டு நீண்ட வழக்குக்கு நடக்க வேண்டும். வீட்டுக்காரர்களும் ஒன்றை அறிந்துகொள்ளட்டும்: குடித்தனக்காரரின் பாவையும் பானையையும் தெருவில் எறிந்தால், இதே பிரிவின்கீழ் அவரும் வழக்குத் தொடரலாம்.