பழைய போத்தல்களுக்குப் புதிய சுட்டுத்துண்டு ஒட்டுதல்

கமக்காரர் வீட்டிலே வெறும் போத்தலுக்கு என்றுமே குறைவில்லை. விருந்தில் எஞ்சிய வைன் போத்தல், சாராயப் போத்தல், வினாகிரிப் போத்தல் என்பன அடுக்களை மூலையிலும் கொட்டிற் பரணிலும் சேர்ந்துகொண்டே இருக்கும். எண்ணெய், தேன், பாணி ஆகியவற்றை இன்றும் நாம் போத்தற் கணக்கிலேயே அளந்து வாங்குகிறோம். ஒரு போத்தல் என்பது 750 மில்லிலீற்றர். வைன் போத்தலும் பெரும்பாலும் இவ்வளவினதே. அதன் கரும்பச்சைக் கண்ணாடி வெளிச்சத்தைத் தடுப்பதால், நல்லெண்ணெயும் விதையும் சேமிக்க அது மிக ஏற்றது. ஆனால் அதனை எடுத்தாள்வோருட் பலர் பழைய லேபலை, அதாவது சுட்டுத்துண்டை, அப்படியே விட்டுவிடுகின்றனர்.

இதனால் விளையும் நட்டம் சிறிதன்று. நான் சென்று பார்த்த தோட்டமொன்றிலே, கமக்காரர் மிளகாய் விதையையும் கத்தரி விதையையும் ஒரேவகையான இரண்டு சாராயப் போத்தல்களில் வைத்திருந்தார். இடப்புறம் மிளகாய், வலப்புறம் கத்தரி என்பது அவர் மனக்கணக்கு. வீடு துப்புரவு செய்தபோது போத்தல்கள் இடம்மாறின. இரண்டு விதைகளும் தட்டையாய், வெளிர்மஞ்சட் சாயலாய் இருப்பன. அவசரத்திற் பார்ப்பவர் மயங்குவது இயல்பே. நாற்றுமேடையில் இரண்டு மூன்று உண்மையிலைகள் விரிந்த பின்னரே தவறு தெரிந்தது. மீண்டும் மேடையிட்டு நாற்றெடுப்பதற்குள் பெரும்போக மழை முந்திவிட்டது. எம்.ஐ. 2, கே.ஏ. 2 என்னும் இரு மிளகாய் இனங்களின் விதைகள் கலந்திருந்தாலோ, காய் பிடிக்கும்வரை யாரும் அறிந்திருக்க மாட்டார்கள்.

பழைய சுட்டுத்துண்டை அகற்றும் முறை, அது ஒட்டப்பட்ட பசையைப் பொறுத்தது. நீரிற் கரையும் பசையாயின், ஒரு வாளி இளஞ்சூட்டு நீரில் ஒரு கைப்பிடி சலவைச்சோடா கரைத்து, போத்தலை இரண்டு மூன்று மணி நேரம் ஊறவைத்தல் போதும்; தாள் தானே கழன்று வரும். சோடா இல்லாதவர்கள் விறகுச் சாம்பலைக் கரைத்துத் தெளியவைத்த நீரைப் பயன்படுத்தலாம். தற்காலப் போத்தல்கள் பலவற்றில் உள்ள ஒட்டுத்தாள் நீருக்கு அசையாது. அதற்கு வெப்பமே மருந்து. போத்தலை முதலில் இளஞ்சூட்டு நீரால் அலசி, பின்னர் கைபொறுக்கும் அளவினும் சற்று மிகுந்த சூடுள்ள நீரை உள்ளே நிரப்பி, ஐந்து நிமிடம் சென்றபின் ஒரு மூலையிலிருந்து மெதுவாக உரித்தல் வேண்டும். குளிர்ந்த கண்ணாடியிற் கொதிநீரை ஊற்றினால் அது வெடிக்கும். எஞ்சிய பிசினின்மேல் தேங்காயெண்ணெயும் அப்பச்சோடாவும் குழைத்துப் பூசி, அரைமணி நேரம் விட்டு, தென்னந்தும்பினால் தேய்த்துச் சவர்க்காரமிட்டுக் கழுவுக. மண்ணெண்ணெயும் பிசினைப் போக்கும். ஆயினும் உணவுப் போத்தலுக்கு அது ஆகாது. விதை இடும் போத்தலைத் தலைகீழாகக் கவிழ்த்து முழுமையாக உலர்த்தல் வேண்டும். உள்ளே ஈரத்துளி எஞ்சினால் விதை பூஞ்சணம் பிடிக்கும்.

புதிய சுட்டுத்துண்டுக்குக் கடையிற் பசை வாங்கத் தேவையில்லை. ஆடை நீக்கிய பாலைத் தாளின் பின்புறத்தில் மெல்லெனப் பூசி, போத்தலில் அழுத்தி, துணியால் ஒற்றிவிட்டால், காய்ந்தபின் உறுதியாக நிற்கும். பாலிலுள்ள புரதமே இங்கு பசையாகின்றது. அடுத்த முறை மாற்றும்போது நீரில் நனைத்தவுடன் இது கழன்றுவிடும் என்பதே இதன் சிறப்பு. எழுத்தைப் பென்சிலால், ஒட்டுவதற்கு முன்னரே எழுதுக. பேனை மை ஈரத்திற் கரையும்; பென்சிற் கரி கரையாது. ஒட்டிக் காய்ந்தபின் மெழுகுதிரியால் மேலே தேய்த்துவிட்டால் ஈரக்கையும் அதனைக் கெடுக்காது.

விதைப் போத்தலில் பயிரின் பெயர் மாத்திரம் எழுதுவது போதாது. இனம், அறுவடைத் திகதி, எந்தத் தோட்டத்தின் விதை, நூறு விதையில் எத்தனை முளைத்தன என்பனவும் இடம்பெறுதல் வேண்டும். வெங்காய விதை ஓராண்டுக்குள்ளேயே முளைதிறனைப் பெரிதும் இழப்பதால், அதற்குத் திகதி இன்றியமையாதது. இதே விபரத்தைச் சிறு தாளில் எழுதி விதையோடு உள்ளேயும் இடுக; வெளித்தாளைக் கரப்பான் தின்றாலும் உள்தாள் இருக்கும். பி.ஜி. 352, ஏ.ரி. 362 முதலிய விதைநெல் இனங்களைச் சாக்குகளில் வைப்போரும், சாக்கின் வெளியே ஒன்றும் உள்ளே ஒன்றுமாக அட்டை இடுதல் நன்று.

நெல்லிரசம், தக்காளிச் சோஸ் போன்றவற்றை நிரப்புவதாயின், போத்தலைக் குளிர்நீருள்ள பானையில், அடியில் துணி விரித்து வைத்து, நீரைக் கொதிக்கச் செய்து, பத்து நிமிடம் கொதியில் வைத்தெடுத்தல் வேண்டும். பழைய தக்கையை மீண்டும் பயன்படுத்தற்க. வைனின் மணம் அதில் ஊறியிருக்கும். வீட்டுப் பாவனைக்கு எப்படியும் எழுதலாம். விற்பனைக்காயின் 1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டத்தின் கீழ் விதிகள் உள; அவற்றைப் பிரதேசப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் முன்னரே கேட்டறிக.

மேற்கூறிய யாவும் விதைக்கும் உணவுக்குமே. பூச்சிநாசினியையோ களைநாசினியையோ, எத்துணை தெளிவாகச் சுட்டுத்துண்டு எழுதியபோதிலும், குடிபானப் போத்தலில் ஒருபோதும் ஊற்றலாகாது. எழுத்தறியாப் பிள்ளை போத்தலின் வடிவத்தையே பார்க்கும். இருளிலே தாகத்தோடு கைநீட்டும் பெரியவரும் அப்படியே. கருநிறக் களைநாசினியான பரக்குவாட்டைக் குளிர்பானமென்று மயங்கிக் குடித்து இறந்தோர் பல நாடுகளில் உளர். நமது நாட்டில் அது 2008 முதல் 2011 வரை படிப்படியாக விலக்கப்பட்டது. எனினும் இன்று கொட்டிலில் இருக்கும் மற்றைய நஞ்சுகளும் நஞ்சுகளே. அயலவர் "ஒரு மூடி தாரும் அண்ணை" என்று கேட்டாலும் பிறிதொரு போத்தலில் ஊற்றிக் கொடாதீர்கள். வந்த கொள்கலத்திலேயே, வந்த சுட்டுத்துண்டோடு, பூட்டிய பெட்டியில் வைக்கவும். தீர்ந்த கொள்கலத்தை மும்முறை அலசி, அலசிய நீரைத் தெளிதாங்கியிலேயே ஊற்றி, கொள்கலத்தைத் துளையிட்டு ஒழிக்கவும். விபத்து நேர்ந்துவிட்டால், நோயாளியுடன் அந்தச் சுட்டுத்துண்டையும் வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லவும். எந்த நஞ்சு உட்சென்றது என்பதைக் கொண்டே வைத்தியர் சிகிச்சையைத் தீர்மானிப்பார்.